வால்பாறை சேத்துல நம்ம திருப்பூர் டீம்

வெள்ளி ராத்திரி, வால்பாறை

ஞாயித்துக்கெழமை டிரா பண்ணாலே போதும், கப்பு நம்மளுது. போன மாசம் திருப்பூர்ல நடந்த மொத ஃபுட்பால் மேட்ச்ல 2-1ன்னு ஜெயிச்சிருக்கறோம், அந்த ஒரு கோல் லீடை கைல வெச்சுட்டுத்தான் மலையேறி வந்திருக்கறோம். எதுத்தாப்புல எஸ்டேட் டீமு. அங்க ஒரு மேட்ச், இங்க ஒரு மேட்ச், ரெண்டையும் கூட்டிப் பாத்து கப்பு, அவ்ளோதான். பெரிய டோர்னமென்ட் எல்லாம் கெடையாது, ஆனா இதுக்காக ஓவர்டைம விட்டுட்டு பிராக்டிஸுக்கு வர்ற பசங்க இருக்கறாங்க, பீஸ் ரேட்டுக்கு தைக்கறவனுக்கு ரெண்டு மணி நேரம்னா எவ்வளவு காசுன்னு திருப்பூர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல.

ஆகஸ்ட் 15 லீவுங்கறதால காலைல கம்பெனில கொடியேத்தி முட்டாய் குடுத்ததும் வேன் கெளம்பிருச்சு. பல்லடம் தாண்டுனதுமே காத்து வேனையே புடிச்சு தள்ளுது, ஆடி கடைசில்ல, காத்தாலை அத்தனையும் சுத்திட்டு நிக்குது. காமநாயக்கன்பாளையம், நெகமம், அப்பறம் பொள்ளாச்சி. நெகமத்துல டீ குடிக்க நிறுத்துன சந்துல எங்கூட வந்த அண்ணன் ஒருத்தரு வீட்டுக்கு ஒரு காட்டன் சேலையே எடுத்துட்டு வந்துட்டாரு. பொள்ளாச்சில இளநி. அங்கலக்குறிச்சிக்கு அக்கட்டால தென்னந்தோப்பு, வாய்க்கால், எதுத்தாப்புல மேகம் மூடுன மலை. திருப்பூர்ல ஒரு பொட்டு மழை இல்ல, இங்க மலை மேல கொட்டிட்டு இருக்குதுன்னு ஆழியாறு செக்போஸ்ட்லயே சொன்னாங்க. குரங்கு அருவில தண்ணி வரத்து ஜாஸ்தின்னு குளிக்க உடல, பசங்களுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு.

40 கொண்டை ஊசி வளைவு. ஒம்பதாவது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட்ல நிறுத்தி கீழ ஆழியாறு டேம பாத்தோம், சித்த தள்ளி பாறைல ரெண்டு வரையாடு நின்னுச்சு, வண்டிச் சத்தத்துக்கெல்லாம் அசையவே இல்ல. அட்டகட்டிக்கு மேல குளிர ஆரம்பிச்சுது, கவர்க்கல் வந்தப்ப மூடுபனில ரோட்டோட வெள்ளைக்கோடு கூட தெரியல, டிரைவரண்ணன் லைட்டு போட்டுட்டு மாட்டு வண்டி வேகத்துல ஓட்டுனாரு. அய்யர்பாடி, ரொட்டிக்கடை, புதுத்தோட்டம்னு எஸ்டேட் எஸ்டேட்டா தாண்டி ஊருக்குள்ள வர்றதுக்குள்ள நல்லா இருட்டிப் போச்சு.

வேன்ல வர்றப்ப பேச்சு பூரா கப்ப எங்க வெக்கறதுன்னுதான். கேப்டன் தம்பி மட்டும் பேசாம ஃபோன்ல ஏதோ மேட்ச் பாத்துட்டு வந்தான், கோல்கீப்பர் பக்கத்துல இருக்கற டிஃபெண்டருக்கு பால உருட்டி அங்கிருந்தே பில்டப் பண்றாங்கல்ல, அத. "அண்ணா, நாமளும் இதேதான் பண்றோம், மேல வந்து நெருக்கி நம்மள பிரஸ் பண்ண அவியளுக்கு தெரியாது"ன்னான். போன மேட்ச்ல அது நல்லாத்தான் வேலை செஞ்சுது, இல்லைங்கல. காஞ்ச கிரவுண்டு, வெயிலு, பால் வழுக்கிட்டு ஓடுச்சு.

இன்னிக்கு மத்தியானத்துல இருந்து இங்க மழை நிக்கல. லாட்ஜ் தகரத்துல கொட்டற சத்தத்துலயேதான் இத எழுதறேன்.


சனி, வால்பாறை

காலைல பசங்க சோலையார் டேம் பாக்கணும்னு ஒரே புடியா நின்னாங்க. போக வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். மொதல்ல கிரவுண்டுக்கு போலாம், மழைல எப்படி கெடக்குதுன்னு பாத்து பத்து பால் உருட்டிட்டு பொறவு டேமுக்கு போங்கன்னு நான் கேப்டன்கிட்டயும் மேனேஜர்கிட்டயும் சொன்னேன். வெயில் வந்தா சாயங்காலம் போய் பாத்துக்கலாம்னுட்டாங்க. வால்பாறைல ஆகஸ்ட்ல வெயிலுக்கு காத்திருக்கறதா? தமிழ்நாட்டுலயே மழை அதிகமா பெய்யற எடத்துல ஒண்ணு சின்னக்கல்லாறு, அது இங்கிருந்து பக்கந்தான்.

அவிய டேமுக்கு போனாங்க (160 அடி டேமு, ததும்பிட்டு இருக்குதுன்னு போட்டோ அனுப்புனாங்க, பாக்க அழகாத்தான் இருந்துச்சு), நானும் சேலை எடுத்த அண்ணனும் கிரவுண்டுக்கு நடந்தோம். தேயிலைக்கு நடுவுல, எஸ்டேட் ஆளுக குடியிருக்கற லைன் வீடுகளுக்கு கீழ, மலைய சீவி பண்ணுன கிரவுண்டு. மூணு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் சில்வர் ஓக் மரமா நிக்குது. ஒரு கோல் போஸ்ட் பக்கம் மேடு, இன்னொரு பக்கம் பள்ளம், கண்ணுக்கு பெருசா தெரியாது, நடந்தா தெரியும். பள்ளத்துப் பக்கம் பெனால்டி பாக்ஸ் பூரா தண்ணி நிக்குது. நான் அங்க கெடந்த ஒரு பழைய பால உதைச்சு பாத்தேன், அஞ்சடி போயி பொத்துன்னு நின்னுருச்சு. மேட்டுப் பக்கம் பரவால்ல, புல்லு இருக்குது, பால் ஓடுது.

அங்க ஒரு பெரியவரு குடைய புடிச்சுட்டு ரெண்டு மாட்ட பாத்துட்டு நின்னாரு. எஸ்டேட்ல வேலை செஞ்சு ரிட்டையர் ஆனவராம், வாலிபத்துல கோல்கீப்பராம்.

"திருப்பூர் டீமா தம்பி?"

"ஆமாங்கய்யா."

"பசங்க எங்க?"

"டேம் பாக்க போயிருக்கறாங்க."

அவரு ஒண்ணும் சொல்லல. சித்த நேரம் கழிச்சு, "ஷூ என்ன ஷூ போடறாங்க?"ன்னாரு. டர்ஃப் ஷூதாங்க, செயற்கைப் புல்லுல ஆடறதுக்குன்னு வர்றது, பாதிப் பேருன்னேன். "அடியில பொடிப் பொடியா ரப்பர் இருக்குமே, அதா? அது இங்க நிக்காது தம்பி. எங்க பசங்க நாளைக்கு அடியில குமிழாட்டம் ஆறு ஸ்டட் வெச்சத போட்டுட்டு வருவானுங்க, இல்லைன்னா வெறுங்கால்ல பிராக்டிஸ் பண்ணவனுங்க, கால் வெரலாலயே மண்ண புடிச்சுக்குவானுங்க."

அவருகிட்ட இன்னொண்ணும் கேட்டுக்கிட்டேன். மேட்ச் ஏன் ரெண்டு மணிக்கே வெச்சிருக்கறாங்கன்னு. அந்திக்கு மேல ஆளுக நடக்க முடியாதாம், சிறுத்தை இருக்குது, யானை எறங்குது. யானை பக்கத்துல நிக்குதுன்னா எரியற செவப்பு லைட்டு கம்பம் ஒண்ண காமிச்சாரு. மேட்ச் முடிஞ்சு பொண்டு புள்ளைங்க எல்லாம் வெளிச்சத்துலயே லைனுக்கு போயி சேரணும். அதனால நாளைக்கு மழை பெஞ்சாலும் தள்ளி வெக்க மாட்டாங்க.

சாயங்காலம் பசங்க வர்றதுக்குள்ள இருட்டிருச்சு. கிரவுண்டு பாக்கல. நான் பள்ளம் மேடு, தண்ணி, ஷூ எல்லாத்தையும் மேனேஜர்கிட்ட சொன்னேன். டாஸ் ஜெயிச்சா மொத ஹாஃப்ல பள்ளத்துப் பக்க கோல நாம காப்பாத்தணும், ஆட ஆட அது இன்னும் மோசமாகும், ரெண்டாவது ஹாஃப்ல அந்தச் சேறு அவிய தலைல விடியட்டும், இதான் நான் சொன்னது. ஊருக்குள்ள கடைல ஸ்டட் ஷூ நாலு ஜோடி கெடச்சாக்கூட டிஃபென்ஸுக்கு மட்டுமாவது வாங்கிருங்கன்னும் சொன்னேன், நானும் பாதிக் காசு போடறேன்னேன். "பாக்கலாங்ணா"ன்னாரு.

நாளைக்கு டீம் லிஸ்ட்டும் சொல்லிட்டாங்க. நம்ம பழைய லெஃப்ட் பேக், எடது பக்கம் காக்கறவன், வெளிய. அவனுக்குப் பதிலா போன மாசம் வந்த வேகமான தம்பி, பெருமாநல்லூர் பக்கம் டர்ஃப்ல அஞ்சு பேர் மேட்ச்ல கலக்கறவன். வேகம் இருக்குது, ஒத்துக்கறேன். ஆனா பழையவன் அழுக்கு வேலை செய்யறவன், பால வெளிய அடிச்சுட்டு திரும்பி நிப்பான். நாளைக்கு வேண்டியது அந்த மாதிரி ஆளு.


ஞாயிறு ராத்திரி

0-4.

ரெண்டு மேட்ச்சும் சேத்து 2-5. கப்பு போச்சு. கப்பு போனதுகூட சரி, போன விதம்தான் தாங்க முடியல.

மழை நல்லாத்தான் பெஞ்சுது. ஆனாலும் கூட்டம்னா கூட்டம், குடையும் பிளாஸ்டிக் சாக்கையும் போத்திட்டு தேயிலைக்குள்ள எல்லாம் ஆளு, பொம்பளைங்க பச்சக்கொளுந்து கூடைய தலைல கவுத்திட்டு நிக்கறாங்க, ஒரு பக்கம் அஸ்ஸாம் ஜார்கண்ட் பசங்க பாட்டுப் பாடிட்டு நிக்கறாங்க, அந்தப் பசங்கள்ல மூணு பேர் அவிய டீம்லயே இருக்கறாங்க. நம்ம சென்டர் பேக் தம்பியும், கோலுக்கு முன்னாடி நடுவுல காக்கறவன், ஜார்கண்ட்காரன்தான், நிட்டிங் மிஷின் ஓட்டறவன், மேட்ச்சுக்கு முன்னாடி அவனுக பாசைல அவியகூட பேசிட்டு இருந்தான். அப்பறம் இன்னொண்ணு, அவிய டீம் ஒம்பதாம் நம்பர் நம்ம திருப்பூர்லதான் டெய்லர் வேலை பாக்கறான். வால்பாறைல இருந்து வேலைக்கு கீழ எறங்குன பசங்கள்ல ஒருத்தன். வாரம் பூரா நம்மூர்ல தைச்சுட்டு மேட்ச்சுக்கு மலையேறி வந்திருக்கறான். நம்ம பசங்கள்ல பாதிப்பேர அவனுக்கு தெரியும், எவன் எந்தப் பக்கம் திரும்புவான்கறது வரைக்கும்.

டாஸ் நம்மகிட்ட வந்துச்சு. கேப்டன் பள்ளத்துப் பக்கம் பாத்து அட்டாக் பண்றோம்னு எடுத்துட்டான். எறக்கத்துல வேகமா ஆடி மொதல்லயே கோல் போட்டுருவோம்கறது கணக்கு. நான் சொன்னதுக்கு நேர் எதிரு. மேனேஜர பாத்தேன், அவரு என்னைய பாக்கல.

மொத பத்து நிமிஷம் நம்ம கையிலதான் பால். எனக்குக்கூட சித்த நம்பிக்கை வந்துச்சு. நடுவுல மூணு பேரு, குட்டிக் குட்டி பாஸு. ஆனா பாக்ஸுக்கு முன்னாடி குடுக்கற பாஸ் ஒவ்வொண்ணும் தண்ணில விழுந்து செத்துப் போகுது, நம்ம ரைட் விங்கர் பாலத் தாண்டி ஓடிப்போயி திரும்பி வந்து தேடறான். ஒருக்கா நடந்தா சரி. பத்து தடவை அதே பாஸு. ஒருத்தனாவது தூக்கி அடிச்சானா?

ஒரு ஹாஃப் 35 நிமிஷம். பதினாலாவது நிமிஷத்துல அவியளுக்கு மொத கார்னர். நம்மாளுக ஆளப் புடிக்காம எடத்தப் புடிச்சு நிக்கறாங்க, ஜோனல் மார்க்கிங், டிவில பாத்தது. பின்னால இருக்கற போஸ்ட்டுகிட்ட ஒருத்தனும் இல்ல. கீப்பர் தம்பி வெளிய வந்து ஈரப் பால ரெண்டு கையால புடிக்கப் பாத்தான், குத்தி வெளிய தள்ளிருக்கணும். நழுவுச்சு, பின் போஸ்ட்டுல நின்னவன் மொழங்கால்ல பட்டு உள்ள போயிருச்சு. 0-1.

அந்த ஒரு கோலுக்கே நம்மாளுக தலை தொங்கிப்போச்சு. கூட்டிப் பாத்தா அப்பவும் 2-2தான், ஒரு கோல் போட்டா மறுபடி நாம முன்னாடி. ஆனா மூஞ்சிகள பாத்தா 0-4 அப்பவே எழுதியிருந்துச்சு. எனக்கு அந்த எடத்துல 2019 மார்ச் 9 ஞாபகம் வந்துச்சுங்க, கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம், நாட்டளவுல கிளப்புக ஆடற ஐ-லீக்ல கடைசி மேட்ச், சென்னை சிட்டி டீமுக்கு ஜெயிச்சாத்தான் பட்டம், ஈஸ்ட் பெங்கால் ஒரு பாயிண்ட் பின்னாலயே தொரத்திட்டு இருக்குது, அங்க கோழிக்கோட்டுல அவியளும் அதே நேரத்துல ஆடறாங்க. ஆரம்பிச்ச சித்த நேரத்துலயே எதுத்து ஆடுன மினர்வா டீம் கோல் போட்டுட்டாங்க. ஸ்டேடியம் பூரா அமைதி. ஆனா கிரவுண்டுக்குள்ள ஒருத்தனும் தலைய தொங்கப் போடல. ரெண்டாவது ஹாஃப்ல சென்னை ஸ்ட்ரைக்கர் மான்ஸி பெனால்டி, அப்பறம் டிஃபெண்டர் கௌரவ் போரா வந்து ரெண்டு கோலு, 3-1, கோயமுத்தூர் கிரவுண்டுல ஐ-லீக் கப்பு. நம்ம பசங்கள்ல நாலஞ்சு பேரு அன்னிக்கு கேலரில என் பக்கத்துல நின்னு தொண்டை கிழிய கத்துனவனுகதான்.

ரெண்டாவது ஹாஃப். இப்ப பள்ளம் நம்மளுது. ஒரு ஹாஃப் பூரா 22 பேரு மிதிச்ச சேறு. 41வது நிமிஷம், நமக்கு கோல் கிக். தூக்கி அடிடான்னு நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலயே போயி கத்தறேன். கீப்பர் பாக்ஸுக்குள்ள நின்ன சென்டர் பேக்குக்கு உருட்டுறான். 2019ல ரூல் மாத்துனாங்கல்ல, கோல் கிக்க பாக்ஸ விட்டு வெளிய போற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, உள்ளயே வாங்கிக்கலாம்னு, அதுல இருந்து எல்லா டீமும் இத பண்றாங்க. பண்ணட்டும், அவியளுக்கு புல்லு கார்ப்பெட்டாட்டம் இருக்குது. இங்க சென்டர் பேக் தம்பி மிட்ஃபீல்டருக்கு குடுத்த பாஸ் பாதி வழில சேத்துல பொதைஞ்சு நின்னுச்சு. திருப்பூர் டெய்லர், அந்த ஒம்பதாம் நம்பரு, அதுக்குத்தான் காத்துட்டு இருந்தவனாட்டம் வந்து எடுத்து ஒரே அடி. 0-2.

இதுல சென்டர் பேக் தம்பிய எல்லாரும் திட்டுனாங்க. அது தப்பு. அவன் கேப்டன் சொன்னத செஞ்சான். இன்னிக்கு டைவ் அடிச்சு, தலைல வாங்கி, ரெண்டு பால லைன்ல இருந்து வெளிய எடுத்தது அவன் ஒருத்தன்தான், நம்ம டீம்ல ஆம்பளையாட்டம் ஆடுனது அவன் மட்டுந்தான்னு நான் எங்க வேணா சொல்லுவேன்.

49. அவியளுக்கு நம்ம லெஃப்ட் பேக் சைடுல த்ரோ இன். நீளமா எறியறவன் ஒருத்தன் இருக்கறான்னு மொத ஹாஃப்லயே பாத்தாச்சு. நம்ம டிஃபென்ஸ் லைன் மேல ஏறி நிக்குது, பால் தலைக்கு மேல போகுது, நம்மாளுக நாலு பேரும் கைய தூக்கிட்டு, எங்களத் தாண்டி நின்னு வாங்கிட்டான்னு ஆஃப்சைடு கேட்டுட்டு நிக்கறாங்க. த்ரோ இன்ல இருந்து நேரா வாங்குனா ஆஃப்சைடே கெடையாதுங்க! கோல் கிக், கார்னர், த்ரோ இன், மூணுக்கும் இல்ல. சின்னப் புள்ளைல இருந்து ஆடறவனுகளுக்கு இது தெரியாதா? புது லெஃப்ட் பேக் தம்பி மட்டும் திரும்பி ஓடப் பாத்தான், டர்ஃப் ஷூ, கால் ரெண்டும் முன்னால போயிருச்சு, உக்காந்துட்டான். கீப்பர் ஒத்தையா நின்னான். 0-3.

நாலாவது கடைசில எல்லாரும் மேல ஏறிட்டப்ப வந்தது, அதப் பத்தி எழுத ஒண்ணுமில்ல.

நடுவுல ஒரு ஏழெட்டு நிமிஷம் மூடுபனி வந்து எதுத்தாப்புல இருக்கற போஸ்ட்டே தெரியாம போச்சு, ரெஃப்ரி நிறுத்தி வெச்சுட்டு அப்பறம் ஆட உட்டாரு. முடிஞ்சதும் எஸ்டேட் ஆளுக எல்லாருக்கும் சுடச்சுட சாயா குடுத்தாங்க, நம்ம பசங்களுக்கு மாத்திக்க துண்டு குடுத்தாங்க. அந்தப் பெரியவரும் வந்தாரு. கீப்பர் தம்பிய தோள்ல கை போட்டு கூட்டிட்டுப் போயி ஈரப் பால எப்படி குத்தணும்னு கைய மடக்கி காமிச்சுட்டு இருந்தாரு. எனக்கு அழுகை வந்துருச்சு, மழைல யாருக்கும் தெரியல.


திங்கள், திருப்பூர்

எறங்கி வர்றப்ப வேன்ல ஒரே காரணமா சொல்லிட்டு வந்தாங்க. மழை. குளிரு. மேல ஏறுனா மூச்சு வாங்குது. ரெஃப்ரி அவிய ஆளு. மூடுபனி. நான் ஆழியாறு வர்ற வரைக்கும் பேசல, பொறவு பேசிட்டேன், இங்கயும் எழுதிர்றேன்.

மழை அவிய மேலயும்தான் பெஞ்சுது. மூச்சு வாங்குதுங்கறது ஒத்துக்க முடியாது, வால்பாறை 3500 அடிதான், அந்த ஒசரத்துக்கு ரெண்டு ராத்திரி தங்குன பசங்களுக்கு ஒண்ணும் ஆகாது, மூச்சு வாங்குனது சேத்துல ஓடுனதுக்கு. ரெஃப்ரி த்ரோ இன்ல சரியாத்தான் குடுத்தாரு. நமக்கு ஒரு ஹேண்ட்பால் குடுக்காம உட்டாரு, அது 0-3க்கு அப்பறம், அது கோலா மாறியிருந்தாலும் கப்பு வந்திருக்காது.

என் ரோசனைக்கு உண்மையான காரணம் ஒண்ணுதான், நாம டர்ஃப் டீமா மாறிட்டோம். இந்த நாலஞ்சு வருசத்துல திருப்பூர்ல, அவிநாசி ரோட்டுல, பல்லடம் ரோட்டுலன்னு எங்க பாத்தாலும் வலை கட்டி லைட்டு போட்ட டர்ஃபு. மணிக்கணக்குல வாடகை, அஞ்சு பேரு, ஏழு பேரு ஆடறது. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு பத்து மணிக்குக்கூட ஆடலாம், அதுனால எத்தனை பசங்க ஃபுட்பாலுக்கு வந்திருக்கறாங்க, அத நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அங்க பால் எப்பவும் ஒரே மாதிரி உருளும். சுவத்துக்கும் வலைக்கும் நடுவுல ஆடறதால நீளப் பாஸுங்கறதே கெடையாது. தலைல அடிக்கற வேலை கெடையாது. ஆஃப்சைடு கெடையாது, அதான் ஆஃப்சைடு ரூலே மறந்து போச்சு. கார்னருக்கு ஆளப் புடிச்சு நிக்க வேண்டியதில்ல. ஈரத்துல சறுக்கி டேக்கிள் பண்ண வேண்டியதில்ல. மேட்ச்ல வாங்குன மொத மூணு கோலையும் எடுத்து பாருங்க, மூணும் டர்ஃப்ல நடக்கவே நடக்காத கோலு.

பழைய லெஃப்ட் பேக் மட்டும் ஏன் தப்பிச்சான்னா அவன் சின்ன வயசுல நொய்யல் ஓரத்து மண் கிரவுண்டுல வெளாண்டவன். கல்லும் குழியும் இருக்கற எடத்துல பால் எப்ப எப்படி எம்பும்னு தெரியாது, அதனால பாலவிட்டு கண்ண எடுக்க மாட்டான். அவன அன்னிக்கு பெஞ்ச்ல உக்கார வெச்சது இந்த மேட்ச்ல நடந்த பெரிய தப்பு. 0-2 ஆனப்பறமாவது எறக்கியிருக்கலாம். 55வது நிமிஷத்துல எறக்குனாங்க, அந்த சைடுல இருந்து அதுக்கப்பறம் ஒரு கிராஸ்கூட வரல, நாலாவது கோல் மறுபக்கம் வந்தது.

ஜெர்சி பத்தியும் சொல்லியாகணும். ஜெர்சிக்கு நம்ம பசங்க பண்ணுன மெனக்கெடலு, துணி எடுத்தது, சப்ளிமேஷன் பிரிண்ட்டு, பேரு நம்பரு, காலர்ல ஊர் பேரு, நம்மூர்ல இல்லாத வசதியா, நொம்ப அழகா வந்திருக்குது, நனைஞ்சாலும் ஒடம்புல ஒட்டாத துணி. அந்த அக்கறைல கால்வாசி ஷூ மேல இருந்திருந்தா ரெண்டு கோல் கொறைஞ்சிருக்கும். காசு இல்லைன்னு சொல்ல முடியாது, ஜெர்சிக்கு இருந்துச்சுல்ல.

கேப்டன் தம்பிய ஒரேடியா தள்ளிரவும் எனக்கு மனசில்ல. இருபத்திரெண்டு வயசு, டீமுக்காக உயிர உடறவன். வேன்ல நான் பேசுனப்ப மத்தவனுக எல்லாம் ஹெட்ஃபோன மாட்டிட்டாங்க, அவன் மட்டும் முன் சீட்டுல இருந்து எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்தான்.

"கோல் கிக்க தூக்கி அடிச்சா பயந்துட்டோம்னு ஆயிருமேங்ணா."

"யாருக்கு அப்படி ஆயிரும், கண்ணு?"

"நாம ஆடற ஸ்டைல் இதுதானுங்ணா. மழைக்கு ஒண்ணு வெயிலுக்கு ஒண்ணுன்னு மாத்துனா பசங்க கொழம்பிருவாங்க."

"அவிய திருப்பூர் வந்தப்ப எப்படி ஆடுனாங்க, யோசி. காஞ்ச கிரவுண்டுன்னு பின்னாலயே நின்னு 2-1க்குள்ள தோத்துட்டுப் போனாங்க. 4-0 வாங்கிட்டு போகல. அந்த 2-1தான் இங்க அவியளுக்கு தைரியம் குடுத்துச்சு."

அவன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அங்கலக்குறிச்சி தாண்டி, "டாஸ் நான் எடுத்தது தப்புதாங்ணா, ஹாஃப் டைம்ல மேட்டுல நின்னு திரும்பி பாத்தப்பத்தான் தெரிஞ்சுது"ன்னான். அந்தப் பையன்கிட்ட அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல.

பொள்ளாச்சில சாப்புட நிறுத்துன எடத்துல பேசி முடிவெடுத்தது இதுதான்: வாரத்துல ரெண்டு நாள் டர்ஃப் போதும், செவ்வாயும் வெள்ளியும் காலைல மண் கிரவுண்டு, பதினோரு பேரு சைஸ்ல. பிராக்டிஸ்ல தண்ணி லாரி ஒண்ணு சொல்லி பாக்ஸ நனைச்சு வெச்சு கார்னர் மட்டுமே அரை மணி நேரம். ஸ்டட் ஷூவுக்கு ஆளுக்கு பாதி, மீதி நம்மள மாதிரி பின்னால சுத்தறவங்க. நானும் சேலை எடுத்த அண்ணனும் கீப்பர் தம்பிக்கும் சென்டர் பேக் தம்பிக்கும் வாங்கிக் குடுத்தர்றோம்னு சொல்லிட்டோம். காலை பிராக்டிஸ் ஏழே முக்காலுக்கு முடிஞ்சாத்தான் எட்டரை ஷிஃப்ட்டுக்கு போக முடியும், டையிங் கம்பெனி பசங்க ரெண்டு பேருக்கு அதும் முடியாது, அவிய சூப்பர்வைசர்கிட்ட நான் நாளைக்கு பேசறேன்.

மேனேஜர் இன்னும் பழைய லெஃப்ட் பேக் பத்தி வாய தொறக்கல. அந்தத் தம்பி நேத்து ராத்திரி லாட்ஜ்ல பையக் கட்டறப்ப, இனி வர்றதில்லைங்ணா, கல்யாணம் வேற வருதுன்னான். விட மாட்டேன்னு சொல்லிருக்கறேன். கல்யாணம் கார்த்திகைலதான், அதுக்குள்ள மூணு மேட்ச் இருக்குது, அதுல ரெண்டு வெளியூரு, ஒண்ணு கூடலூர்ல, அங்கயும் இதே மழைதான்.